பதினேழாம் பக்கத்தின் அடிக்குறிப்பு

ஊரில் பாதிப் பேருக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதிகள் மனப்பாடம் என்றால் நம்புவீர்களா? பேருந்து ஓட்டுகிறவர், பல் பிடுங்குகிற டாக்டர், சட்டை தைக்கிறவர், யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தங்குதடையில்லாமல் ஒப்பிப்பார்கள். சரி, பாதிப் பேர் என்பது கொஞ்சம் அதிகம்தான். கடைத்தெரு மூலையில் இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் என்பதிலும் முக்கால் பங்கைக் கழித்துவிடலாம். முதல் நாலு வரி.

அந்த நாலு வரி அவர்கள் வாயில் ஏறியதற்குக் காரணம் கடை முதலாளி. கிட்டத்து எழுத்து தெரிகிறதா என்று சோதிக்க அவர் வைத்திருந்த அட்டை எப்போதோ தொலைந்துபோனது. புதிது வாங்க மனமில்லை. மகன் வாங்கிவந்து மேசையில் போட்டிருந்த பல்கலைக்கழகக் கையேட்டைப் புரட்டினார். பதினேழாம் பக்கம் கண்ணில் பட்டது. தலைப்பு கட்டை விரல் பருமன், அடுத்த வரி சுண்டு விரல், அப்படியே இளைத்து இளைத்து, அடிக்குறிப்புக்கு வரும்போது எறும்பின் கால். ‘‘இதைவிட நல்ல அட்டை எவன் அச்சடிப்பான்?’’ என்று பிளேடால் அந்தப் பக்கத்தை மட்டும் அறுத்து, கண்ணாடித் தாள் ஒட்டி, நாற்காலிப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

அன்று முதல் கண் மங்கி வந்தவர்களெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ‘‘இளநிலைப் பட்டப் படிப்புகள். சேர்க்கைத் தகுதிகள்,’’ என்று கணீரென்று ஆரம்பிப்பார்கள். ‘‘பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் உள்ளிட்ட...’’ என்னும் இடத்தில் குரல் இறங்கும். அதற்கு மேல் முனகல். முதலாளி சோதனைச் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போடப் போட, முனகல் மறுபடி வார்த்தையாகும்.

கடைக்குள்ளே மரத் தடுப்புக்குப் பின்னால், தேய்க்கும் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தவளுக்கு அது வெறும் சத்தம். குரல் எந்த வரியில் தட்டுகிறது என்று மட்டும் காது பார்க்கும். மூன்றாம் வரியில் தட்டினால் பிளஸ் இரண்டரை, ஐந்தாம் வரியில் என்றால் ஒன்றரை. முதலாளி சீட்டு எழுதி நீட்டுவதற்குள் இவள் கை அந்தப் பெட்டிக்குப் போயிருக்கும்.

அவளைக் கடையில் எல்லாரும் ஜீரோ பவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பார்வை கழுகுப் பார்வை. ஆனாலும் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் வெறும் முகத்தோடு இருந்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வராது என்று பவர் இல்லாத ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தார் முதலாளி. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினேழு வயதில் வேலைக்கு வந்தவள். இப்போது முப்பத்தைந்து. வட்ட வில்லையை அளந்து, மையத்தில் மைப்புள்ளி வைத்து, தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் விளிம்பைத் தேய்த்து, சூடான மணலில் சட்டத்தை இளக்கி உள்ளே உட்காரவைப்பாள். ஒரு முடி அளவு பிசகாது.

கைக்கு எல்லாம் தெரியும். மனசுக்குத்தான் ஓர் அரிப்பு. ஒரே பவரில் ஒரு வில்லை தடியாக இருக்கிறது, இன்னொன்று அதில் பாதி கனம்கூட இல்லை. இரண்டும் வெளிச்சத்தை ஒரே அளவுதான் வளைக்கின்றன. மெல்லியது மட்டும் எப்படி அதைச் சமாளிக்கிறது?

முதலாளியைக் கேட்டாள்.

‘‘வெல ஜாஸ்திம்மா, அதான்,’’ என்றார் அவர்.

இப்படியிருக்கையில் ஒரு நாள் தையல்காரர் ஒருவர் வந்தார். புதுக் கண்ணாடியை மாட்டியதும் மனிதர் அடிக்குறிப்புவரை பிடித்துக்கொண்டு படித்துவிட்டார். ‘‘மேற்கண்ட தகுதிகள் இல்லாதவர்கள் பிற்சேர்க்கை ஆறு காண்க.’’ படித்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் விடுதி விதிகள்.

‘‘அந்த ஆறு எங்கங்க? தகுதி இல்லாதவனுக்கு என்ன பண்றாங்கன்னு தெரிய வேணாமா?’’

‘‘உங்களுக்கு எழுத்து தெரியுதா இல்லையா? அதச் சொல்லுங்க,’’ என்றார் முதலாளி.

தடுப்புக்குப் பின்னால் சக்கரம் நின்றது. பதினெட்டு வருஷமாக ஆயிரம் வாய் சொல்லிக் கேட்ட வாக்கியம் அது. தகுதி இல்லாதவர்கள். அதாவது, நான். ஜீரோ பவருக்கு அன்றைக்குத்தான் காது கேட்டது.

தையல்காரர் போனதும் முதலாளி முன்னால் வந்து நின்றாள். ‘‘சார், இந்தப் புத்தகத்தோட மிச்சம் எங்க?’’

முதலாளி யோசித்து, மோவாயைத் தடவி, அவளுடைய சக்கர மேசையின் கீழே கை காட்டினார். ஒரு கால் குட்டை என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்பே கொடுத்த முட்டு அது. வில்லைத் தூளும் தண்ணீரும் ஊறி ஊறி வெள்ளைக் கல்லாக இறுகியிருந்தது. திருப்புளி வைத்து நெம்பியதில் அட்டை பெயர்ந்தது, மற்றதெல்லாம் செங்கல். அதைச் சுவரில் வைத்துப் பூசியிருந்தால் வீட்டுக்கு ஓர் அறை கூடியிருக்கும்.

வீட்டில் சொன்னதும் நாத்தனார் சிரித்தாள். கணவரின் அக்கா, அந்த வீட்டில் வாய்க்குப் பூட்டு கிடையாது. ‘‘ஏண்டி, பதினெட்டு வருஷம் காலடியிலயே வச்சுக்கிட்டா உக்காந்திருந்த?’’

‘‘புதுசு வாங்கப் போறேன் அண்ணி.’’

‘‘நானும் வரேன். ஆறாவது சேர்க்கையில என்ன இருக்குன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது.’’

பல்கலைக்கழக அலுவலகத்தில் கவுண்டர்காரர் இவர்கள் வாயைத் திறக்கும் முன்பே விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்.

‘‘படிவம் அப்புறம் சார். முதல்ல பிராஸ்பெக்டஸ்.’’

‘‘எல்லாரும் ஃபார்ம்தாம்மா வாங்குவாங்க. பிராஸ்பெக்டஸ் வெப்சைட்லயே இருக்கே.’’

‘‘இருக்கட்டும் தம்பி,’’ என்றாள் நாத்தனார். ‘‘நூத்தி அம்பது பக்கத்த போன்ல படிச்சா கண்ணு கெட்டுரும். அப்புறம் இவ கடைக்குத்தான் வரணும்.’’

அவர் அலமாரிக்குள் தலையை விட்டு, தும்மி, ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார்.

மத்தியானம் கடையில் ஆள் வராத நேரம். ஜீரோ பவர் அந்தக் கையேட்டைச் சக்கரத்தின் பக்கத்தில் விரித்துவைத்தாள். பவர் இல்லாத கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வில்லையில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தாள். முதல் அதிர்ச்சி: பிற்சேர்க்கை ஆறு என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை. ஐந்தோடு முடிந்துவிட்டது. விடாமல் புரட்டினாள். தகுதி இல்லாதவர்கள் எங்கேயாவது இருந்தாக வேண்டுமே! மூன்றாம் பகுதி, ஒன்பதாம் பிரிவுக்கு ஜாகை மாற்றியிருந்தார்கள்.

அங்கே வாசல் இருந்தது. மாலை நேர ஒளியியல் பட்டப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர்களும் சேரலாம். துறை சார்ந்த தொழிலில் பத்து ஆண்டு அனுபவம் வேண்டும், பதினெட்டு இருக்கிறது. முப்பத்தாறு வயது நிறைந்திருக்கக் கூடாது. ஐந்து மாதம் பாக்கி. கணிதத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தெந்தத் தொழில்? தொலைநோக்கி, ஒளிப்படக் கருவி, நில அளவைக் கருவி, ‘இவை போன்றவை’ செய்வது, பழுது பார்ப்பது. மூக்குக்கண்ணாடி என்ற சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம்.

‘‘எழுதிப் போடுடி,’’ என்றாள் நாத்தனார். ‘‘எடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டி அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.’’

‘‘அடுத்த வருஷம் வயசு தாண்டிரும் அண்ணி. அதுவுமில்லாம இங்க பாருங்க. தகுதி இல்லாம விண்ணப்பிச்சு நிராகரிச்சுட்டா ரெண்டு வருஷத்துக்கு மறுபடி போட முடியாது. ஒரே தடவதான்.’’

‘‘இதெல்லாம் எங்க போட்டிருக்கு?’’

‘‘பதினொண்ணாவது பிரிவுல.’’

‘‘அடி பாவி, அதுவரைக்குமா படிச்ச? மனுஷங்க படத்தப் பாத்துட்டு மூடிர மாட்டாங்க?’’

மூக்குக்கண்ணாடி ‘இவை போன்றவை’யில் சேருமா, சேராதா? தொலைநோக்கியில் வில்லை இருக்கிறது, இதிலும் இருக்கிறது. ஆனால் அப்படி நினைப்பது அவள். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன நினைப்பார்? கணவர் லாரியை நிறுத்திய இடத்திலிருந்து போனில், ‘‘உனக்குச் சரின்னு பட்டதச் செய்,’’ என்றார். அவருக்கு எல்லாமே சரி.

அட்டையிலிருந்து அட்டைவரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். விடுதிக் குளியலறை விதி, நூலக அபராதம், விளையாட்டு மைதானத்தின் நீள அகலம், ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் நாள், தொலைபேசி எண்களின் பட்டியலுக்கு முந்தைய பக்கத்தில், அடிக்குறிப்பைவிடப் பொடி எழுத்தில் நாலு வரி. தகுதி குறித்து ஐயமுள்ளவர்கள் விண்ணப்பிக்கும் முன் சேர்க்கை அலுவலருக்கு எழுத்து மூலம் கேட்கலாம். பணிச் சான்றை இணைக்க வேண்டும். பதினான்கு நாட்களில் பதில் தரப்படும். அந்தப் பதில் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும்.

அவள் காலண்டரைப் பார்த்தாள். விண்ணப்பிக்கக் கடைசித் தேதிக்குப் பதினாறு நாள் இருந்தது.

பணிச் சான்று எழுத முதலாளி பேனாவை எடுத்தார். ‘பணியின் தன்மை’ என்ற இடத்தில் எழுதினார்: ‘நல்ல பெண். நேரத்துக்கு வருவாள்.’

‘‘சார், இது என்னோட தன்மை. வேலையோட தன்மையக் கேக்குறாங்க.’’

‘‘கண்ணாடி போடுற வேலைன்னு எழுதட்டுமா?’’

‘‘மாட்டிக்கிறதும் கண்ணாடி போடுறதுதான் சார். நான் என்ன செய்றேனோ அத எழுதுங்க.’’

முதலாளி தடுப்புக்குப் பின்னால் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் வேலை செய்வதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தார். ஒவ்வொன்றுக்கும், ‘‘இது எதுக்கு?’’ என்று கேட்டார். கண்மணிகளின் இடைவெளியை அளந்து வில்லை மையத்தை நகர்த்துவது, சாய்ந்த பார்வைக்குக் கோணம் திருப்புவது, தலை சுற்றுகிறது என்று திரும்பி வரும் கண்ணாடியில் எங்கே பிசகு என்று கண்டுபிடிப்பது என்று பதினொரு வரி ஆயிற்று. எழுதி முடித்தபோது மனிதருக்கு வியர்த்திருந்தது.

‘‘இவ்வளவுமா நீ செய்யற? சம்பளம் கேட்டுராதம்மா,’’ என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தைத் தபாலில் நம்பி அனுப்பவில்லை. அவளும் நாத்தனாரும் நேரில் கொண்டுபோனார்கள். கவுண்டர்காரர் அதை இரண்டு முறை படித்தார். ‘‘இப்படி ஒரு விதியே கிடையாதும்மா.’’

அவள் கையேட்டைத் திறந்து விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்தார், கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார், மறுபடி கிட்டக் கொண்டுவந்தார்.

‘‘பிளஸ் ரெண்டு,’’ என்றாள் அவள், நாத்தனார் காதில்.

அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, கடிதத்தில் முத்திரை குத்தித் தேதி போட்டார். ‘‘இருக்குதாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம்.’’

பதிமூன்று நாள் ஓடியது. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் நாத்தனார் ஓடினாள். ஜீரோ பவர் ஓடாததுபோல எழுந்து நின்றாள். பதினான்காம் நாள் மத்தியானம், கடை முகவரிக்கு உறை வந்தது. முதலாளிதான் பிரித்தார். பிரித்தவருக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது. தன் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவள் எட்டிப் படித்துவிட்டாள். ஒன்பதாம் பிரிவின் ‘இவை போன்றவை’ தங்கள் தொழிலையும் உட்கொள்ளும். கணிதத் தகுதித் தேர்வில் நூற்றுக்கு நாற்பது பெற்றால் சேர்த்துக்கொள்ளப்படுவீர்கள்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். பிறகு எழுந்து, கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேட்டது என்ன என்று தெரிந்திருந்ததால், படிவத்தில் ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

தேர்வுக்கு ஐந்து வாரம். கையேட்டின் கடைசியில் பாடத்திட்டம் கொடுத்திருந்தார்கள். பின்னத்தில் ஆரம்பித்துச் சமன்பாட்டுக்கு வந்து, முக்கோணத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். நாத்தனார் கேள்வித்தாளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள். அவளுக்குக் கணக்கு வராது. ஆனால் விடை தப்பு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். முதலாளி, தன் பங்குக்கு, மத்தியானங்களில் வாடிக்கையாளரை மெதுவாகப் படிக்கச் சொன்னார், அவளுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று.

தேர்வறையில் அவளைச் சுற்றி எல்லாரும் அவளைவிட வயதில் சின்னவர்கள். மணி அடித்ததும் தாளைத் திருப்பினாள். பக்கங்கள் பறந்தன. பேனாவில் புகை வந்தது. மேற்பார்வைக்கு நின்றவர் பக்கத்தில் வந்து தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முடிவு ஒட்டிய அன்று பலகையின் உச்சியில், முதலாவது பெயராக...

‘‘முதலாவதா?’’ என்று குறுக்கே விழுகிறாள், இவ்வளவு நேரம் என் எதிரே உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார். ‘‘கூட நின்னு பாத்தவ நான். நாப்பது வேணும்னு எழுதியிருந்தாங்க, நாப்பத்தொண்ணு வாங்கினா. பேரு பலகையில கடைசிக்கு முந்தினது. திங்கக்கிழமையிலேர்ந்து கிளாசுக்குப் போறா.’’