இரஞ்சிதம் மிஸ் கொண்டுவந்த விபூதி

பத்து வருடமாக இந்தப் பெண்கள் விடுதியில் சமைக்கிறேன். பிலோமினம்மா வாய்க்காரி என்பார்கள். சொல்லட்டும். பிரியவதனியின் கதையை அமைதியாகச் சொல்ல என்னால் முடியாது.

நயினாதீவுப் பிள்ளை. கல்லூரியில் இரண்டாம் வருடம். ‘விடுதித் தலைவி’ என்று சட்டையில் ஒரு பட்டியைக் குத்திவிட்டு, முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் அழுகையையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டை நினைத்து அழுகிறவள், காதலனோடு கோபித்தவள், எல்லாரும் அவளுடைய கட்டிலில்தான். இவள் எப்போது படிப்பது?

வைகாசியில் நெடுந்தீவு நிலாந்தியின் தாய் செத்துப்போனாள். செத்தவீடு முடிந்து வந்த பிள்ளை சோற்றைத் தொடவில்லை. “நானும் அம்மாவோட போகப்போறன்” என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். பிரியவதனி பயந்துபோய், விடுதிப் பொறுப்பாளர் இரஞ்சிதம் மிஸ்ஸிடம் ஓடினாள்.

“மிஸ், எனக்கு ஏலாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவம்.”

“ஊர் கதைக்கும், பிள்ளை. நீர் வடிவாக் கதைக்கிறனீர்தானே, நீரே கதையும். வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதையும்.”

ஒரு மாதம் கதைத்தாள். சாப்பாட்டுக் கோப்பையோடு நிலாந்தியின் பின்னாலேயே திரிந்தாள். ஒருநாள் குளியலறைக் கதவின் கொண்டி கழன்று கிடந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது என்றாள் பிரியவதனி. நானும் நம்பினேன்.

பிறகு நாகபூசணி அம்மன் தேர் வந்தது. நயினாதீவார் கனடாவிலிருந்தே பறந்து வருகிற நாள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, எனக்கே அது தெரியும். “நிலாந்தி தனிய, தலைவி நிக்கவேணும்” என்று பிள்ளையை மறித்துவிட்டு, மிஸ் பட்டுச்சேலையோடு தேருக்குப் படகேறிவிட்டார். மனுசியா அது!

பின்னேரம் விபூதியோடு வந்தார். “உம்மட அம்மாவைக் கண்டனான். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னனான்.”

பிரியவதனி விபூதிக்குக் கை நீட்டவில்லை. குசினி நிலத்தில் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“நீரே இப்பிடி விழுந்தா நிலாந்தியை ஆர் பாக்கிறது?” என்றார் மிஸ்.

அகப்பையை எறிந்தேன். “நீங்கள் பாருங்கோ! அந்தக் கதிரையில இருக்கிறது நீங்கள்தானே? நாளைக்கு நிலாந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இந்தப் பிள்ளை ஊருக்கு, அம்மன் தீர்த்தத் திருவிழாவுக்குப் போகுது. இல்லாட்டி இந்தக் குசினியில அடுப்பு எரியாது!”

காலையில் மிஸ் நிலாந்தியோடு ஓட்டோவில் ஏறினார். பிரியவதனி தன் பையைக் கீழே வைத்துவிட்டு மிஸ்ஸின் பக்கம் குனிந்தாள்.

“மிஸ், அங்கயும் குளியலறைக் கதவை உள்ளுக்கை பூட்ட விடாதையுங்கோ. இங்க நான் கொண்டியை உடைச்சுத்தான் அவளை வெளியில எடுத்தனான்.”

துருவாம்! ஒருத்தருக்கும் சொல்லாதே என்றார்களே, அந்தப் பிள்ளை சொல்லவில்லை.