ஏழு பேர் உட்காரும் வண்டி

வீட்டுக்காரர் என்று நான் சொல்வதைக் கேட்டு கணவர் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாடியில் வாடகைக்கு இருந்தேன், அவ்வளவுதான். கீழ்வீட்டில் இருந்த சொந்தக்காரரைத்தான் சொல்கிறேன். தெருவில் அவருக்குப் பெயர் நீட்டுக்காரர். ஓர் எழுத்து மாறியதற்குக் காரணம் ஒன்றுதான்: அவர் வீட்டு வாசலில் நீளமாக ஒரு ஸ்டேஷன் வேகன் நின்றது. அதன் மூக்கு கேட்டை முட்டும், வால் சமையலறை ஜன்னலை மறைக்கும். வீட்டுக்குள் போக வேண்டியவர்கள் சுவரோடு சுவராக ஒருக்களித்துத்தான் போக வேண்டும். தபால்காரர் கொஞ்சம் பருத்தவர். கடிதங்களைக் கேட்டிலேயே செருகிவிட்டுப் போய்விடுவார்.

நீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு லென்ஸை எடுத்து இன்னொரு லென்ஸைப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று நாள் முழுக்கக் கேட்பது தொழில். கேட்டுக் கேட்டு அது வாயில் ஊறிப்போயிருந்தது. இரண்டு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவியிடமும் அப்படித்தான் கேட்பார். “ரெண்டும் அழுக்குதான்” என்பார் அக்கா. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நூலகத்தில் வேலை பார்த்தவர். குரலை உயர்த்திப் பழக்கமே கிடையாது. மெதுவாகத்தான் பேசுவார், சுருக்கென்று இருக்கும்.

அந்த வண்டியை அவர் ஆசைக்கு வாங்கவில்லை, யோசித்துத்தான் வாங்கினார். கல்யாணமான புதிது. தாங்கள் இரண்டு பேர், பிறக்கப்போகும் பிள்ளைகள் நாலு, அம்மா ஒருத்தி, ஆக ஏழு. முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, கடைசியில் பின்னோக்கித் திரும்பிய இருக்கையில் இரண்டு என்று வண்டியிலும் சரியாக ஏழு இடம். பிள்ளைகளுக்கு முன்பே வண்டி வந்துவிட்டது. பிறகு ஒரே ஒரு மகள் பிறந்தாள். அம்மாவுக்கு வண்டி கிளம்பினாலே தலைசுற்றல். மகளைக் கடைசி இருக்கையில் உட்காரவைத்தால் முதல் திருப்பத்திலேயே வாந்தி.

ஏறுவதற்கு ஆளில்லாத வண்டியை என்ன செய்வது? துடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்தார். இருக்கைகள் மேல் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கடைக்குப் போக சைக்கிள். அக்கா நூலகத்துக்குப் பஸ். ஒருமுறை இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அக்கா சொன்னார்:

“நம்ம வீட்டுல எல்லாருக்கும் இடம் இருக்கு. எனக்குத்தான் வழி இல்ல.”

சுமை ஏற்றுவதற்கென்றே செய்த வண்டி அது. ஆனால் தெருவில் யார் கட்டில் கேட்டாலும், பீரோ கேட்டாலும், “இது லாரி இல்லீங்க” என்றுவிடுவார். இதில் வெளியாள், உறவு என்ற பேதம் பார்க்கமாட்டார். அக்காவின் தம்பி பேக்கரி திறந்த அன்று அவர் வேன் நின்றுபோய்விட்டது. மைதா மூட்டைகள் கொண்டுவர வேண்டும், வேகனைத் தாருங்கள் என்று ஓடிவந்தார். “மாவு ஒட்டிக்கிச்சுன்னா சீட்டு போச்சு மாப்ள” என்றார் நீட்டுக்காரர். தம்பி திரும்பிப் போனார். ரொட்டி இல்லாமல் பேக்கரி திறந்தது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அக்கா மட்டும் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவார்.

வண்டி அவருக்கு உறவைப் பறித்தது என்றால் நட்பைக் கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும். ஒரு நாள் பெட்ரோல் பங்கில் ஒரு பல் டாக்டர் இவரது வேகனைப் பார்த்துத் தன் வேகனிலிருந்து இறங்கி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். வேற்று ஊரில் தன் மொழி பேசுகிறவரைக் கண்ட மாதிரி இருந்ததாம். அப்படித்தான் வேகன் சங்கத்தில் சேர்ந்தார். வருடம் ஒருமுறை கார் கண்காட்சியில் எல்லாரும் கூடுவார்கள். மைதானத்தின் நடுவே பந்தயக் கார்களுக்குக் கம்பளம் விரித்திருக்கும். வேகன்களுக்குக் கழிப்பறை பக்கம் ஒரு மூலை. “எல்லாரும் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் வந்துதானே ஆகணும்?” என்று டாக்டர் பெருமையாகச் சொல்வார்.

அங்கே சிறந்த பராமரிப்புக்கு ஒரு பரிசு உண்டு. முதல் பரிசு எப்போதும் டாக்டருக்கு. இரண்டாம் பரிசு எப்போதும் நீட்டுக்காரருக்கு. பூக்கடை வைத்திருந்த ஓர் அம்மாவும் சங்கத்தில் இருந்தார். அவர் வேகனில் கதவெல்லாம் நெளிசல், உள்ளே மண்ணும் இலையுமாகக் கிடக்கும். அதைப் பார்த்தால் நீட்டுக்காரர், “வண்டியா அது, தோட்டம்” என்பார். அந்த அம்மாவுக்குப் பரிசைப் பற்றிக் கவலையே இல்லை. கண்காட்சிக்கு வருவதே வழியில் இரண்டு இடத்தில் பூ இறக்கிவிட்டுத்தான்.

அந்த வருடம் கண்காட்சிக்காரர்கள் புதிதாக ஒன்றை அறிவித்தார்கள். குடும்பப் போட்டி. வேகன் என்பது குடும்ப வண்டி; ஆகவே எல்லா இருக்கையிலும் ஆள் நிரம்பி, மேலே சாமானும் ஏற்றி, மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும். டாக்டருக்கு மனைவியோடு விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. முதல் பரிசுக்கு வழி திறந்துவிட்டது என்று நீட்டுக்காரருக்குத் தோன்றியது. அடுத்தவர் குடும்பம் உடைந்ததில் சந்தோஷப்படக் கூடாது என்று தெரிந்த மனிதர்தான். படியேறி வந்து என்னிடம் வருத்தமாகத்தான் சொன்னார், ஆனால் முகம் பளபளவென்று இருந்தது.

“நீங்களும் வரணும்மா. கடைசி சீட்டு.”

“நான் குடும்பம் இல்லையே சார்.”

“மாடியில இருக்கீங்க. வண்டிக்குள்ள வந்தா குடும்பம்தான்.”

வெளியூரில் வேலையாக இருந்த மகள் வருவதாகச் சொல்லிவிட்டாள், முன்னாலேயோ நடுவிலேயோதான் உட்காருவேன் என்ற நிபந்தனையோடு. அம்மா தலைசுற்றலைச் சொல்லிக் கழன்றுகொண்டார். ஆக நாலு பேர். இன்னும் மூன்று பேர் வேண்டும். மைத்துனர் வீட்டில் சரியாக மூன்று பேர் இருந்தார்கள். நீட்டுக்காரர் நாலைந்து நாள் சைக்கிளில் பேக்கரி இருக்கும் தெருவழியாகப் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு நாள் உள்ளே போய் ஒரு பன் வாங்கித் தின்றார். பிறகுதான் வாயைத் திறந்தாராம். மைத்துனர் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“வர்றோம் அத்தான். ஆனா மேலே சாமான் ஏத்தணும்னு சொன்னீங்களே, அது என்ன சாமான்?”

“காலிப் பெட்டிதான் மாப்ள. லேசா, அழகா...”

“வேணாம். மைதா மூட்டை ஏத்துவோம். நாலு மூட்டை.”

நீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு நாள் தூங்கவில்லை என்று அக்கா சொன்னார். மூன்றாம் நாள் சரி என்று சொல்லி அனுப்பினார். பரிசு என்றால் சும்மாவா?

கண்காட்சி அன்று மூட்டைகளை வண்டியின் தலையில் தூக்கி வைத்தபோது வெள்ளைத் தூள் கண்ணாடியில் வழிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மைத்துனர் பேக்கரி வைத்திருப்பவர் மட்டுமல்ல, பேக்கரியில் செய்வதை நம்பித் தின்பவரும்கூட. அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்ததும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. அக்கா, மகள், மைத்துனர் மனைவி மூவரும் நடுவில். நானும் மைத்துனர் மகனும் கடைசியில், போகிற பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தப் பையன் காலேஜ் படிக்கிறவன், பலசாலி. ஏறியதும் தூங்கிவிட்டான். பிளாஸ்டிக் உறை தொடையில் ஒட்டியது.

ஊருக்குள் மெதுவாகத்தான் ஓட்டினார். மைதானத்துக்குள் நுழைந்ததும் மைக்கில் எங்களை அறிவித்தார்கள். கூட்டம் கை தட்டியது. நீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். நடுவர்களின் மேடைக்கு முன்னால் மைக் ஒயரைப் புதைத்து மண் மூடிய சின்ன மேடு ஒன்று இருந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கிவிட்டது. பின்சக்கரம் ஏறியபோது எனக்குக் கீழே யாரோ பெரிய பலகையை ஒடித்த மாதிரி சத்தம் கேட்டது. அடுத்த நொடி நானும் பையனும் தரையோடு தரையாக இருந்தோம். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. ஒரு மூட்டை உருண்டு விழுந்து வெடித்தது. மைதா புகையாக எழும்பி எல்லார் மேலும் நிதானமாக இறங்கியது.

 பிறகு மைத்துனர் மனைவி, “வந்துட்டோமா?” என்று கேட்டார்.

பூக்கடை அம்மாதான் முதலில் ஓடிவந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

“ஸ்பிரிங் பட்டை மொத்தமா துருப்பிடிச்சுக் கிடக்கு. மேலயே துடைச்சீங்க, கீழ பாக்கலையா?”

 வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்தவர், பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூக்கடை அம்மா தன் வேகனில் கயிற்றைக் கட்டி, எங்களையும் சேர்த்தே கழிப்பறை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே நிறுத்திவிட்டார்கள். தூக்கிப் போகும் வண்டி சாயங்காலம்தான் வரும் என்றார்கள்.

வெயில். இருக்கை சுட்டது. அக்கா முதலில் பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்தார். அந்தச் சத்தத்தை அவர் வெகுநாளாக மனதுக்குள் கேட்டுவைத்திருந்த மாதிரி முகத்தில் ஒரு நிம்மதி. நடு இருக்கையை முழுக்க உரித்துவிட்டுக் காலை நீட்டிச் சாய்ந்தார்.

“மெத்துனு இருக்குங்க. இத்தனை வருஷம் தெரியலையே.”

மைத்துனர் ஒரு பெட்டி நிறைய பன் கொண்டுவந்திருந்தார். பின்கதவைத் தூக்கிவிட்டு அந்த நிழலில் உட்கார்ந்து எல்லாரும் தின்றோம். மகள் மைதா படிந்த கண்ணாடியில் விரலால் முகம் வரைந்தாள். பையன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். நீட்டுக்காரர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர்தான் ஆரம்பித்தார்.

“அத்தான், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கே மூட்டையை ஏத்தியிருந்தா இது அன்னிக்கே உடைஞ்சிருக்கும். இவ்வளவு வருஷம் துடைச்ச வேலை மிச்சம்.”

“அன்னிக்கு ஸ்பிரிங் புதுசு மாப்ள. உடைஞ்சிருக்காது.”

“அப்ப ஏன் தரல?”

நீட்டுக்காரர் ரொம்ப நேரம் யோசித்தார். “தெரியல” என்றார். அப்புறம் ஒரு பன் எடுத்துக்கொண்டு மைத்துனர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பேன்ட்டில் மாவு ஒட்டியது. தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் இருவரும் நீட்டுக்காரர் கல்யாணத்தில் யார் யாரைத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளியது என்று சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். அக்கா, “சத்தம், சத்தம்” என்று நூலகத்துப் பழக்கத்தில் உதட்டில் விரலை வைத்தார். அதைப் பார்த்து மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கழிப்பறைக்கு வந்தவர்கள் எல்லாரும் எங்கள் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் படம் எடுத்தார்கள். நாங்கள் கவனிக்கவில்லை. ஆள் விழுந்து கிடந்தால் வேடிக்கை பார்ப்பது ஊர் வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.

சாயங்காலம் மைக்கில் பரிசு அறிவித்தார்கள். பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பரிசு நீட்டுக்காரருக்கு. ‘பயணத்தில் பழுதாகி நிற்கும் ஒரு குடும்பத்தை மிகத் தத்ரூபமாகக் காட்சிப்படுத்தியதற்காக’ என்று படித்தார்கள். தூங்குகிற பையன் சிறப்பு என்று ஒரு நடுவர் தனியாகப் பாராட்டினார்.

“இது காட்சி இல்ல, நிஜமாவே...” என்று நீட்டுக்காரர் மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “போய் வாங்கிட்டு வாங்க. நிஜம்னு சொன்னா பிடுங்கிடுவாங்க.”

மூக்கில், மீசையில், புருவத்தில் எல்லாம் மைதாவோடு போய் வாங்கிக்கொண்டு வந்தார். டாக்டர் இரண்டாம் பரிசு வாங்கினார். தனியாக வந்து, தனியாகச் சுற்றியவர் என்று இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பார்கள் போல. அவருக்கும் ஒரு பன் கொடுத்தோம். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்கதவு நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பல்லுக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டிக்குப் புது ஸ்பிரிங் போட்டார்கள். அதற்குப் பிறகு வண்டி ஓடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் மாவு மூட்டைக்கும், அவ்வப்போது அக்காவை நூலகத்தில் விடுவதற்கும். அடுத்த வருடம் கண்காட்சிக்காரர்களே தொலைபேசியில் கூப்பிட்டு, அதே குடும்பத்தோடு வந்து அதே காட்சியைச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்கள். நீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. யார் எங்கே உட்காருவது, எப்போது சிரிப்பது என்றெல்லாம் மைத்துனர் சொல்லிக்கொடுத்தார். பையனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். எங்களுக்கு ஒரு பரிசும் கிடைக்கவில்லை. நடிப்பு அதிகம் என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள்.