நிர்வாகத்தைத் திட்டிப் பிழைக்கிற வீடு

முகாமையாளர்கள் தொழிலாளரை எப்படிக் கசக்கிப் பிழிகிறார்கள் என்று, முகாமையாளராக வரத் துடிக்கிற பிள்ளைகளுக்கே படிப்பித்துச் சம்பளம் வாங்குவதுதான் என் கணவரின் தொழில். பேராசிரியரைக் கட்டிக்கொண்டு மெல்பேணில் மாரடிக்கிற சகோதரிகளே, மிச்சத்தை உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

குடிபூரலில்

மெல்பேணுக்கு வெளியே வெரிபீயில் சுகந்தியின் புது வீட்டுக் குடிபூரல். பல்கலைக்கழகத்தில் இவருடைய பகுதியில் படிப்பிக்கிறவள். செமஸ்டருக்குச் செமஸ்டர் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தை நம்பி, தனியாளாய்க் கடன் எடுத்து அந்த வீட்டை வாங்கியிருந்தாள். பால் பொங்கி முடிய ஒரு அங்கிள், இவர் என்ன படிப்பிக்கிறார் என்று கேட்டார். விளக்கினேன். பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, உவருக்கு எக்கவுண்டன்சி படிக்க மூளை ஓடேல்லையோ?"

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

அதுதான் இவர் நடத்திய மாநாட்டின் தலைப்பு. வந்த அறிஞர்களுக்கு இராச்சாப்பாடு எங்கள் வீட்டில். நான் குசினியில் ரோல்ஸ் பொரிக்கிறேன். இவருடைய புத்தகம் முழுவதையும் டைப் அடித்ததும், கொன்வென்ட் மதர் அடித்துப் படிப்பித்த இங்கிலீஷில் வரிக்கு வரி திருத்தியதும் இதே கைதான். தட்டோடு வெளியே வந்தால், ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்கிறாள். வாய் நிறைய ரோல்ஸோடு இவர் முந்திக்கொண்டார்.

"ஷீ டஸின்ட் வேர்க்."

உள்ளுக்கிருந்து மாற்றியது

பிறகு இவரைப் பகுதித் தலைவராக்கினார்கள். "உள்ளுக்கிருந்துதான் மாத்தலாம்" என்று சொல்லிப் புது டை வாங்கினார். ஆட்களைக் குறைக்கும்படி மேலிடம் சொன்னதும் முதலில் அகப்பட்டவள் சுகந்தி. அதை அவளிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லையாம். "நீர் ஒருக்கா ஆறுதலாச் சொல்லுமன். பொம்பிளையள் கதைச்சா அவ அழமாட்டா" என்கிறார்! வேலையால் நிற்பாட்டுகிற வேலையைக்கூடப் பெண்சாதியிடம் தள்ளுகிற மனுசன்.

சுகந்தியை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவளைக் கதிரையில் இருத்தி, இவரை எதிரே இருத்தி, "வாயைத் திறந்து நீங்களே சொல்லுங்கோ" என்றேன். ரீஸ்ட்ரக்சர் என்றார். பெரிய மனவருத்தம் என்றார். தனிப்பட்ட விஷயமில்லை என்றார். சுகந்தி அழவில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"இது உங்கட புத்தகத்தில மூண்டாம் அத்தியாயம் அண்ணை. நான்தானே அதை இவ்வளவு காலமும் படிப்பிச்சனான்."

இப்போது வேலை இழந்தவர்களின் வேதனை பற்றி இவர் கட்டுரை எழுதுகிறார், சுகந்தி வேலை தேடுகிறாள், கோபம் மட்டும் எனக்கு நிரந்தர உத்தியோகமாய் வாய்த்திருக்கிறது.