படத்துக்கு வெளியே ஒரு புருஷன்

இந்த ஊரில் நான் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனால் எதிரே வருகிறவர்கள் குனிந்துகொள்கிறார்கள். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் நான் குடியிருக்கும் தெருமுனையில் பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நடக்கும் மனிதர்களைத்தான் நான் எடுக்க நினைக்கிறேன். அவர்களோ நான் தேவாலயத்தை எடுப்பதாகவும் தாங்கள் குறுக்கே வந்துவிட்டதாகவும் எண்ணி, "எண்ட்ஷுல்டிகுங்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு முதுகை வளைத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். சென்ற வாரம் ஒரு பெரியவர், கையில் வெங்காயத்தாள் கட்டோடு, அப்படியே நின்றுவிட்டார். எனக்கு வேண்டியதெல்லாம் அவருடைய தொப்பியும் அந்த வெங்காயத்தாளும்தான். அவர் "பிட்டெ, பிட்டெ" என்று கையை நீட்டி வழிவிட்டு, நான் எடுத்து முடிக்கும்வரை காத்திருந்தார். அவர் மனம் நோகக்கூடாதே என்று தேவாலயத்தை எடுத்தேன். என்னிடம் இப்போது அந்தத் தேவாலயத்தின் படங்கள் பதினொன்று இருக்கின்றன.

நான் திருப்பதிக்குக் கிட்டே, புத்தூர்ப் பக்கத்து ஆள்; அங்கெல்லாம் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவோம். கிரீன் கார்டு கொடுத்து கம்ப்யூட்டர் ஆட்களை ஜெர்மனி கூப்பிட்டுக்கொண்டிருந்த சமயத்தில் கிளம்பி வந்தவன். வந்த முதல் குளிர்காலத்தில் பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒரு கேமரா வாங்கினேன். மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து, கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கவும் கழுவவும் கற்றுக்கொண்டேன். முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெட்டியில் சாக்லேட்டைவிட பிலிம் ரோல்தான் அதிகம். அம்மாவுக்குக் கோபம். நான் அடுத்த நாளே திருப்பதிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

திருப்பதியில் யாரும் குனிவதில்லை. கேமராவை எடுத்தால் போதும், எங்கிருந்தோ நாலு பேர் வந்து கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து விறைப்பாக நிற்பார்கள். "ஏ பேப்பரு அண்ணா?" என்று, எந்தப் பத்திரிகை எனத் தெலுங்கில் ஒருவர் கேட்பார். "எப்ப வரும்?" என்பார் இன்னொருவர். கலர் இல்லை, கறுப்பு வெள்ளை என்று சொன்னால் முகம் வாடிவிடும். "ஏம்பா, செத்தவங்க போட்டோ மாரியா?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டே விட்டார். ஒருவருக்குத் தெரியாமல் அவர் முகத்தைப் பிடிப்பது என்ற என் புது வித்தைக்கு அந்த ஊர் இடமே கொடுக்கவில்லை.

ஒரே ஒரு தடவை கொடுத்தது. பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்களுக்கு நடுவே வெயில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. அதில் ஒரு பெண், புதிதாக மொட்டை போட்டு சந்தனம் பூசிய தலை, தோளில் ஒரு மஞ்சள் பை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது பக்கம் சற்றுப் பின்னால், தோளோடு தோள் இடிக்கிறாற்போல, இன்னொரு மொட்டைத்தலை. அந்த ஆளின் முகம் பாதி நிழலில், அவரும் சிரிக்கிறார். ஒரு படம் எடுத்தேன்; இடது ஓரத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அரை அடி நகர்ந்து அதை விலக்கினேன். வேண்டாததை வெட்டுவதில்தான் படம் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். மறுபடி அழுத்தினேன். இருவரும் என்னைப் பார்க்கவே இல்லை.

லைப்ஸிக்கில் அந்தப் படத்தைக் கழுவி மாட்டியபோது வகுப்பே கூடிவிட்டது. வகுப்பை நடத்தும் ஹெல்கா முதலில், "இவர்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கவலையாகக் கேட்டார். வேண்டுதல் பற்றி எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். பிறகு எல்லோரும் அந்த அன்னியோன்னியத்தைப் பற்றியே பேசினார்கள். நானே படத்துக்கு 'ஏஹெபார்' என்று பெயர் வைத்தேன். தம்பதி என்று அர்த்தம். ஆண்டுக் கண்காட்சியின் சுவரொட்டிக்கு இதையே போடலாம் என்றார் ஹெல்கா. ஆனால் இந்த நாட்டில் ஒருவர் முகம் அவருக்குச் சொந்தம். ஆணின் முகம் நிழலில் கிடக்கிறது, பரவாயில்லை. பெண்ணின் கையெழுத்து கட்டாயம் வேண்டும் என்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டார். நம் ஊர்க் கூட்டத்தில் ஒரு மொட்டைத்தலையை எங்கே போய்த் தேடுவேன்? பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தைத் துழாவினேன். பையில் தெலுங்கு எழுத்துகள் தெரிந்தன. யாருடைய கல்யாணத்திலோ தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. மணமக்கள் பெயர், கீழே ஊர்: சாந்திபுரம்.

அடுத்த விடுமுறையில் சித்தூர் போய், பலமனேரில் பஸ் மாறி, சாந்திபுரத்தில் இறங்கினேன். டீக்கடையில் படத்தைக் காட்டியதும் கடைக்காரர் ஒரு நொடி பார்த்தார். "இது நம்ம வசந்தா. தக்காளித் தோட்டத்து வீடு" என்று வழி சொன்னார். பக்கத்தில் நிற்கும் ஆளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் தக்காளியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வசந்தாவுக்கு முடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. நான் வந்த கதையைச் சொல்லி, பெரிதாகப் போட்ட படத்தை அவள் மாமியாரிடம் பெருமையாக நீட்டினேன். "உங்க மகனும் மருமகளும்" என்றேன்.

அந்த அம்மா படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். "இவ வசந்தா. இவன் யாரு?"

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அதை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவர்தான் முருகேசன், வசந்தாவின் புருஷன். குட்டையான மனிதர், படத்திலிருந்த ஆள் நெடியவர்.

"திருப்பதிக்குப் போயி எவன்கூடவோ சிரிச்சிக்கினு நிக்கிறா பாருடா" என்றார் மாமியார்.

வசந்தா படத்தைப் பிடுங்கினாள். "ஐயோ, யாரு இந்த ஆளு? எனக்குத் தெரியாது அத்த. மாமா, நீதான எதிர்ல நின்னுக்கினு பன்னு துன்ன? சந்தனம் ஒழுகி கண்ணுல பூந்து நீ குதிச்சியே, அதப் பாத்துதான சிரிச்சேன்!"

முருகேசன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நின்று சிரித்த பாவத்துக்கு ஒரு பெண் தன் வீட்டு வாசலிலேயே சாட்சி தேட வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி நான்தான். பையைத் திறந்து, அந்த ரோலின் எல்லாப் படங்களையும் சின்னச் சின்னதாகப் போட்ட தாளை எடுத்தேன். இதற்கு முந்தைய படத்தைக் காட்டினேன். இடது ஓரத்தில் கோடு போட்ட சட்டைக்கை, அதன் நுனியில் பாதி பன்.

"இவர் அங்கதாம்மா இருந்தாரு. நான்தான் நகர்ந்து நின்னு இவரை வெட்டிட்டேன்."

"என் சட்டை" என்றார் முருகேசன். குரலில் ஏதோ இறங்கியது.

"எதுக்குப்பா வெட்டுன?" என்றார் மாமியார்.

"படம் நல்லா வரணும்னுதான்."

"புருஷன வெட்டிட்டு எவனையோ வெச்சாதான் படம் நல்லா வருமா? அந்த ஊர்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

வெட்கமாக இருந்தது. படத்தை யாருக்கும் காட்டமாட்டேன், அழித்துவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். வசந்தாதான் நிறுத்தினாள். அவளுக்கு இப்போது பயம் போய் வேறொன்று வந்திருந்தது. படத்திலிருந்த தன் மொட்டையை விரலால் தடவிப் பார்த்து, "என் காது இவ்ளோ பெருசா?" என்றாள். பிறகு, "அண்ணா, அங்க எத்தினி பேரு இதப் பாப்பாங்க?"

"நூறு பேர் பார்க்கலாம்."

"அவங்களும் இந்த ஆளுதான் என் புருஷன்னு நெனச்சிக்குவாங்களா?"

நான் வைத்த பெயரைச் சொல்லித் தலைகுனிந்தேன்.

"அப்ப மாட்டு. ஆனா கீழ எழுது. இவன் என் புருஷன் இல்ல, என் புருஷன் வெளிய நிக்கிறாருன்னு எழுது."

"எந்தப் பக்கம்னும் எழுதுங்க" என்றார் முருகேசன். "கலர் பிலிம் அந்த ஊர்ல கிடைக்காதா சார்? சட்டை நீலக் கோடு."

வசந்தா படிவத்தில் தெலுங்கில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தார்கள். மாமியார் மட்டும் கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை.

ஹெல்காவுக்கு அந்த வாசகம் பிடிக்கவில்லை. படத்தின் மாயமே போய்விடும் என்றார். வாசகம் இல்லாமல் படம் இல்லை என்று நான் முதல்முறையாக இந்த நாட்டில் ஒருவரோடு பிடிவாதம் பிடித்தேன். சுவரொட்டியில் வேறொருவர் எடுத்த மழையில் நனையும் சைக்கிள் வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் என் படமும் ஒரு சுவரில் தொங்கியது. கீழே ஜெர்மனில் எழுதியிருந்தேன்: அருகில் நிற்பவர் இவருடைய கணவர் அல்ல. கணவர் முருகேசன் படத்துக்கு வெளியே, இடது பக்கம் நிற்கிறார். நீலக் கோடு போட்ட சட்டை.

திறப்பு நாளன்று வந்தவர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். படத்தைப் பார்ப்பார்கள், குனிந்து படிப்பார்கள், பிறகு தலையைத் திருப்பி இடது பக்கத்து வெறும் வெள்ளைச் சுவரைப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் சிலர் நின்று பார்த்தார்கள். ஒரு பாட்டியம்மா திரும்பியபோது அந்தச் சுவரோரம் நான் நின்றுகொண்டிருந்தேன். என் நிறத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஆ, அது நீங்கள்தானா?" என்று மகிழ்ச்சியோடு கையைக் குலுக்க வந்தார்.

இல்லை, அவர் சாந்திபுரத்தில் இருக்கிறார் என்றேன். அப்படியானால் நீங்கள் யார் என்று அவர் கண்கள் கேட்டன. எடுத்தவன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நின்றிருந்தது முருகேசனின் இடம். அவருக்கு அதை விட்டுவிட்டு, படத்தின் முன்னால் கடந்து வலது பக்கம் போய், ஊரும் பேரும் யாருக்கும் தெரியாத, யாரும் விசாரிக்காத படத்திலிருந்த அந்த நெடிய மனிதரின் தோளருகே நின்றுகொண்டேன்.