பறவைக்கு வைத்த பொட்டு

என் கையில் குங்குமத்தைக் கொடுத்தது பெரியவர்கள் செய்த தப்பு. இதை இன்றைக்கும் சொல்வேன். எட்டு வயதுப் பெண்ணிடம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் நீட்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு வை என்றால், அவள் எல்லாவற்றுக்கும்தான் வைப்பாள்.

அப்பா அப்போது துபாயில், ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். பழைய கலைப்பொருட்கள் வாங்குகிற பணக்காரர்களுக்கு, கப்பலில் வந்த சாமானைப் பிரித்து, பத்திரமாக வைத்திருந்து, வீடு சேர்க்கிற கம்பெனி. ஆட்களில் பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள் என்பதால் ஆயுத பூஜை சத்தமில்லாமல் நடந்துவிடும். அன்று எனக்குப் பள்ளி விடுமுறை. அம்மா நர்ஸ், அவளுக்கு டியூட்டி. அதனால் அப்பா என்னையும் காரில் போட்டுக்கொண்டு போனார்.

சுத்தியல், ரம்பம், ஏணி, போர்க்லிப்ட்டின் இரண்டு கொம்புகள் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். கூடவே வந்த கார்பென்டர் அங்கிள், "யல்லா பாப்பா, சீக்கிரம். பொரி ஆறிடப் போவுது" என்று கிண்டல் செய்தார். அவர் அறந்தாங்கிக்காரர். லேபர் கேம்பில் தங்கியிருந்தார்.

அடுத்த அறை மேஜையில் ஒரு பழைய பெட்டி இருந்தது. ஸ்பெயின்காரர்கள் பெரு நாட்டை ஆண்ட காலத்தில் செய்ததாம். அம்மாவின் தையல் மெஷின் அளவு இருக்கும். ஆமை ஓடு பதித்த பழுப்புப் பரப்பில் முத்துச்சிப்பிப் பூக்கள், ஓரமெல்லாம் வெள்ளி. அடேயப்பா, என்ன மினுமினுப்பு! அறையின் குளிருக்குப் பழகட்டும் என்று முதல் நாளே பிரித்து வைத்திருந்தார்கள். அதன் பக்கவாட்டில், எலும்பில் செதுக்கிய வெள்ளைப் பறவை ஒன்று. நெற்றி வெறுமையாக இருந்தது. போர்க்லிப்ட்டுக்கே வைத்தாயிற்று, இதற்கு வைக்காமல் போனால் பாவமில்லையா? ஈரச் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமத்தையும் அழுத்தி வைத்தேன்.

"ஐயையோ!" என்று அங்கிள் ஓடிவந்து ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் போய்விட்டது. குங்குமச் சாயம் எலும்புக்குள் இறங்கிவிட்டது. துடைக்கத் துடைக்க அது அலகு வரைக்கும் பரவியது. சத்தம் கேட்டு வந்த அப்பாவின் முகம் வெளிறிப்போனது. அவர் என்னைத் திட்டவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சார், என் கை பட்டுக் கறையாயிருச்சுன்னு சொல்லிருங்க. பாப்பா பேரே வேணாம்" என்றார் அங்கிள்.

"உளறாதய்யா. அடுத்த ப்ளைட்ல உன்னை ஏத்தி விட்ருவாங்க. உன் பொண்ணு கல்யாணத்துக்கு என்ன பண்ணுவ?"

"அப்ப உங்க வேலை?"

அப்பா என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பொரிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

மதியம், பெட்டியை வாங்கியவர் சார்பில் அதைச் சரிபார்க்க ஒரு ஸ்பானிஷ் அம்மாள் வந்தார். அந்தத் தொழிலில் ஒரு தாள் உண்டு. சாமான் வந்து சேர்ந்தபோதே இருந்த கீறல், விரிசல் எல்லாவற்றையும் அதில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுவார்கள். அதில் இல்லாத சேதம் எதுவானாலும் கிடங்கின் தலையில் விடியும். அந்த அம்மாள் டார்ச் அடித்துச் சொல்லச் சொல்ல அப்பா எழுதினார். பறவையிடம் வந்ததும் டார்ச் நின்றது. விற்றவர்கள் அனுப்பிய படங்களில் பக்கவாட்டுப் படம் இல்லை. இது என்ன சிவப்பு என்று கேட்டார்.

பழைய கறை, வரும்போதே இருந்தது என்றார் அப்பா, இங்கிலீஷில்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பழசு இல்லப்பா! நான்தானே காலைல வச்சேன்!"

என்ன புண்ணியமோ, அதைத் தமிழில் சொன்னேன். வெளியில் வாயைத் திறந்தால் எனக்கு இங்கிலீஷ்தான் வரும், அப்பாவிடம் மட்டும் தமிழ். குழந்தை என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்டார். பெட்டி ரொம்ப அழகாக இருக்கிறதாம் என்று அப்பா மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் உருகிப்போய் என் முன்னால் மண்டியிட்டு, எது பிடித்திருக்கிறது என்று என்னையே இங்கிலீஷில் கேட்டார். நான் பறவையைக் காட்டினேன். ஏன் என்றார்.

அப்பா என் தோளில் கையை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, சும்மா வைத்தார். அந்தக் குளிர் அறையிலும் கை வேர்த்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் இரண்டாவது கேள்வி கேட்டால் எனக்கு வெட்கம் வந்துவிடும். அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "கலாஸ், முடிஞ்சுது" என்று அங்கிள் சுவரில் சாய்ந்தார்.

திரும்பும்போது காரில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. தொலைத்த ரப்பரை வீட்டில் இருக்கிறது என்று நான் பொய் சொன்னதற்கே அரை மணி நேரம் பிரசங்கம் செய்தவர் அவர். "நீங்க பொய் சொன்னீங்கப்பா" என்றேன். "ஆமாம்மா" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

அதன்பிறகு கொஞ்ச நாள் அப்பா என்னைவிட்டு நகரவே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், நான் போனை எடுத்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசினாலும், செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார். அப்பாவுக்கு என்மேல் திடீரென்று இவ்வளவு பாசமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்.