பைரவர் படையலை வீடு வீடாகக் கொண்டுபோன மாலை

1935ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறேகால் மணி. எங்கள் நாய் ஜிம்மி அப்பொழுதுதான் முதன்முதலாக இருமியது. தொண்டையில் எலும்பு சிக்கியது போன்ற வறண்ட, உரத்த இருமல். கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, ஓங்கரித்து, முடிவில் வெண்ணுரையைக் கக்கியது. எலும்பென்றே எண்ணிய அம்மா ஒரு சோற்றுருண்டையை ஊட்டினார். அது விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்பதுபோல் வாலை ஆட்டியது. பின்பு மறுபடியும் இருமியது.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பு வரிசை ஒன்றில் வசிக்கிறோம். தந்தையார் ரயில்வேயில் குமாஸ்தா. நான் வீட்டிலிருந்தபடியே பண்டிதர் தேர்வுக்கு இலக்கியம் படிப்பவள். புத்தகங்களோடு பழகிய அளவுக்கு மனிதரோடு பழகியவளல்லள்; பின்சந்தில் நின்று அயலாரோடு பேசியதும் அரிது. தந்தையார் வெளியூர் அலுவலாகப் போகும் நாட்களில் அம்மாவுக்கும் எனக்கும் காவல் ஜிம்மிதான். நான் படிக்கும்போது அது மேசைக்கடியில் என் கால்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கும். அடியார்களே, இத்தனை சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

நுரையை முதலில் கண்டவர் அடுத்த வீட்டு மருதப்பன் அண்ணன். ரயில்வே பட்டறையில் வேலை செய்பவர். சிறு பிள்ளைகள் உள்ளவர். வேலிக்கு அப்பால் நின்றே குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, கிட்டப் போகாத! வாயில நுரை தள்ளுது பாரு. வெறி புடிச்சிருச்சு லா."

"இருமுறதாலதான் நுரை வருது, அண்ணே."

"நாய் இருமுமா? நீ படிச்ச புஸ்தகத்துல இருமுதா? எங்க ஊரு கம்பத்துல இப்படித்தான் ஒண்ணு ஆரம்பிச்சு மூணு பேரைக் கடிச்சுச்சு. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் பேசினார். அவர் அச்சத்தில் நியாயமும் இருந்தது. புதன்கிழமை காலையில் தெருநாய்களைச் சுடும் சிப்பந்தி எங்கள் சந்துக்கு வருவது வழக்கம். அதற்குள் இருமல் நிற்காவிட்டால் ஜிம்மியை ஒப்படைத்துவிடுவதாகத் தந்தையார் வாக்களித்தார். உள்ளே வந்து, என் முகத்தைப் பாராமல், "என்ன பிள்ளை செய்யிறது? அங்கால சின்னப் பிள்ளையள் விளையாடுதுகள்" என்று மட்டும் சொன்னார்.

அறைக்குள் போய் அழுதேன்.

அன்றிலிருந்து ஜிம்மி பின்புறக் கொட்டிலில் சங்கிலியில் கிடந்தது. எட்ட இருந்து கவனிப்பது ஒன்றே என்னால் இயன்றது. பெயர் சொல்லி அழைத்தால் காது நிமிர்ந்தது. தண்ணீர் குடித்தது, உண்டது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சற்றே வடிந்தது. என்னைக் கண்டு துள்ளிச் சங்கிலியை இழுக்கும்போதெல்லாம் இருமல் மூண்டது. அம்மா நோய் விலகட்டுமென்று கொட்டிலில் சாம்பிராணி போட்டபோதோ அது மூச்சுவிட இயலாமல் இருமித் தவித்தது. இவற்றுக்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

கோயிலில் பைரவர் சந்நிதியில் நின்றேன். நாயையே வாகனமாகக் கொண்ட பெருமானிடம் நாய்க்காக வேண்டுவதில் எனக்குக் கூச்சமில்லை. "இது விசர்தான், வெறிதான் என்றால் அதைத் தாங்கும் மனத்தைத் தாரும். அல்லவென்றால் அதைச் சொல்லத் தெரிந்தவர் ஒருவரைக் காட்டியருளும்." நான் கேட்டது இவ்வளவே.

அம்மாவின் வேண்டுதல் வேறு வகை. தேய்பிறை அட்டமிதோறும் பைரவருக்குப் பாற்சோறு படைத்து, பின்வாசலுக்கு வரும் நாய்களுக்கு இடுவது எங்கள் வீட்டு வழக்கம். செவ்வாய்க்கிழமை அட்டமி. ஜிம்மி பிழைக்க வேண்டுமென்று, இம்முறை வரிசையிலுள்ள எல்லா நாய்களையும் ஒருங்கே அழைத்து ஊட்டுவதாக அம்மா நேர்த்தி வைத்தார். செய்தி பரவிற்று. தங்கள் நாய்களை அனுப்புவதாக அயலாரும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டனர்.

செவ்வாய் நண்பகலில் மருதப்பன் அண்ணனின் நாய் ராஜா இருமத் தொடங்கியது. அதே வறண்ட ஒலி, அதே நுரை. மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அண்ணன் வேலியைத் தட்டினார்.

"பாத்தியா தங்கச்சி? உங்க ஜிம்மி எங்க ராஜாவையும் கடிச்சுத் தொலைச்சிருச்சு!"

"எங்க கடிச்சிருக்கு, அண்ணே? நல்லாப் பாருங்க."

அவர் கோபத்தோடுதான் தேடினார். காதை மடக்கினார், காலைத் தூக்கினார், வயிற்றைத் தடவினார். கடித்த தடம் எங்குமில்லை. ஜிம்மியைக் கட்டும்வரை இரண்டும் குழாயடித் தொட்டியில் ஒன்றாகத் தண்ணீர் குடித்தவை. கடியில்லாமலே இருமல் தாவியிருக்கிறது என்றால் அது மூச்சாலும் எச்சிலாலும் தொற்றுவதாக இருக்க வேண்டும். இந்த எண்ணம் தோன்றியபோது முதலில் மகிழ்ந்தேன். அடுத்த கணமே மாலைப் படையல் நினைவுக்கு வந்தது. மகிழ்ச்சி அற்றுப்போயிற்று.

மாலையில் அம்மா பெரிய பித்தளைத் தாம்பாளம் நிறையப் பாற்சோறு பிசைந்து வைத்துவிட்டார். அயல்வீட்டு நாய்கள் சில சந்தில் கூடி நின்றன. ஒன்று குட்டிகளோடு வந்திருந்தது. நான் வாசலை மறித்து நின்றேன்.

"அம்மா, ஒரு தாம்பாளத்திலை வைக்காதேங்கோ. உந்த இருமல் எல்லாத்துக்கும் தொத்தும்."

"விசர்க் கதை கதையாதை. சாமிக்கு நேர்ந்தது. நேர்த்தியைக் குழப்பினால் ஜிம்மிக்குத்தான் கூடாது."

"குழப்பச் சொல்லேல்லை. எல்லா நாய்க்கும் குடுப்பம். ஆனா அதுகள் இஞ்ச வரவேண்டாம். இலையிலை கட்டி நான் கொண்டுபோறன்."

அம்மா என்னை வியப்போடு பார்த்தார். "நீயோ? வீடு வீடாயோ?"

"ஓம், நான்தான்."

அம்மா வாழையிலைகளைக் கிழிக்கத் தொடங்கினார். நாய்களைத் துரத்தாமல் அவரவர் வீட்டாரைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டு போகச் செய்தோம்.

நான் கதவுகளைத் தட்டினேன். "இது பைரவர் படையல். உங்கட நாய்க்கு மட்டும் வையுங்கோ. கொஞ்ச நாளைக்குக் குழாயடிக்கு அவிழ்த்துவிடாதேங்கோ." சிலர் சிரித்தனர். ஒருவர், "நாய்க்குக் கல்யாணச் சாப்பாடா வருது, எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டார். மருதப்பன் அண்ணன் இலையை வாங்கிக்கொண்டார்.

வரிசையின் கடைசி வீடு பாக்கியம் அக்காவுடையது. அவர் நாயை வெளியில் விடுவதேயில்லை; படையலுக்கு அனுப்பவும் மாட்டார். வழக்கப்படி பின்வாசலில் ஊட்டியிருந்தால் அந்தக் கதவை நான் தட்டியிருக்கப் போவதில்லை. எல்லா நாய்க்கும் என்று நேர்ந்ததால் போனேன். நான் காரணம் சொல்லிக்கொண்டிருக்கையில், உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"என்ன மாதிரி இருமுது, தங்கச்சி? வாத்து கத்துறமாதிரியோ?"

அவர் அக்காவின் தம்பி. கிள்ளானில் அரசாங்க மிருக வைத்தியருக்கு உதவியாளராக இருப்பவர். தமக்கையைப் பார்த்துப்போக அன்று மாலைதான் வந்திருந்தார். என் கண்கள் நிறைந்துவிட்டன. அப்படித்தான் என்று தலையசைத்தேன்.

அவர் உடனே என்னோடு வந்தார். தந்தையாரும் மருதப்பன் அண்ணனும் பார்த்து நிற்க, சில கேள்விகள் கேட்டார். ஜிம்மியை எந்த நாயாவது கடித்ததா? யாரையாவது அது கடித்ததா? குரல் மாறியதா? தாடை தொங்கியதா? புதிய நாய் ஏதும் வந்து தங்கியதா? முந்தின வாரம் தந்தையாரின் நண்பர் ஒருவர் தம் நாயை எங்களிடம் விட்டுப்போனதும், அது இலேசாக இருமியதும் அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தன. அவர் ஜிம்மியின் பின்னால் இருந்து, வாயருகே கையைக் கொண்டுபோகாமல், தொண்டைக் குழாயை மெல்ல அழுத்தினார். உடனே அந்த இருமல் வந்தது.

"விசர் இல்லை. இது தொத்து இருமல். தண்ணி குடிக்குதெண்டதை மட்டும் வைச்சுச் சொல்லேல்லை. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்லுறன். எண்டாலும் இன்னும் பத்து நாள் கட்டி வைச்சுப் பாருங்கோ."

கழுத்துப் பட்டையைக் கழற்றி, மார்பைச் சுற்றித் துணிப் பட்டை கட்டி அதில் சங்கிலியை மாட்டச் சொன்னார். சாம்பிராணிப் புகை கூடாது, குளிப்பாட்டவும் கூடாது. தனிப் பாத்திரம், இளஞ்சூட்டுக் கஞ்சி, நல்ல ஓய்வு, எட்ட வைத்த வெந்நீரின் ஆவி. காய்ச்சல் கண்டு, சளி மஞ்சளாகத் தடித்து, உணவை மறுத்தாலோ வலிப்பு வந்தாலோ அது குட்டிகளைக் கொல்லும் வேறு பெரிய நோயாக இருக்கலாம். அப்போது தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும் என்றும் எச்சரித்தார்.

மருதப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அப்ப நாயும் இருமத்தான் செய்யுது!"

தந்தையார் அவரிடம், "நாளைக்குச் சிப்பந்தி வந்தால் நான் கதைக்கிறன்" என்றார்.

அடியார்களே, ஜிம்மி ஆகஸ்டு நடுவில் முற்றும் நலமாயிற்று. ராஜாவும் தேறிற்று. வரிசையில் வேறெந்த நாய்க்கும் இருமல் வரவில்லை, குட்டிகள் தப்பின. நான் கேட்டது ஒரு மனிதரை. பெருமான் அவரை என் வாசலுக்கு அனுப்பவில்லை. என்னை அவர் வாசலுக்கு அனுப்பினார். இப்போது அயலாரோடு பேச எனக்குத் தயக்கம் குறைவு. வரிசையில் எந்த நாய் நோயுற்றாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் பார்த்து, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததற்கு வைத்தியரைக் காட்டுகிறேன். வாயில்லாச் சீவனுக்காக வேண்டுவது சிறுமை என்று எவரும் கூச வேண்டாம். வேண்டுங்கள், வேண்டிய பின் கண்களைத் திறந்து பாருங்கள், கால் போக வேண்டிய இடத்துக்கு நடந்தும் செல்லுங்கள்.

படையலுக்கு மறுநாள் புதன்கிழமை காலையில் நான் செய்தது இது. ஜிம்மிக்கு ஆவி பிடித்து முடித்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வேறொரு பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு மருதப்பன் அண்ணன் வீட்டுப் பின்கதவுக்குப் போய், "அண்ணே, ராஜாவைப் பிடிச்சுக்கொள்ளுங்க" என்றேன்.