திங்கட்கிழமையே குத்திய தேதி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. அப்போதெல்லாம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. கூட்டத்தில் தடுமாறிவிடுவேனோ என்ற பயத்தில், அந்த வாரத்துக்கான புது ஊசி அட்டைகள் எல்லாவற்றிலும், முதல் ஊசித் தேதிக்கான இடத்தில், திங்கட்கிழமையே அன்றைய தேதியை முத்திரையால் குத்தி வைத்துவிடுவேன். ஆள் வரும்போது அடித்துத் திருத்திக்கொள்வேன். அந்தத் தேதியிலிருந்துதான் கம்பவுண்டர் பதினான்கு நாளை எண்ணுவார்.

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை நாய்க்கடியோடு வந்தார். அவர் அட்டையில் தேதியைத் திருத்த மறந்துவிட்டேன்.

பத்தாவது ஊசி போட்டதும் கம்பவுண்டர் அட்டையைப் பார்த்தார். "இன்னையோட பதினாலு நாள் முடிஞ்சுட்டு அண்ணாச்சி. இனி வராண்டாம்."

"பத்துதானய்யா குத்தியிருக்கீரு?"

"வலியில கணக்கு மறந்துட்டோ?"

அண்ணாச்சி சிரித்தபடி என்னிடம் திரும்பினார். "நீ சொல்லுலே, நான் என்னைக்கு வந்தேன்?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். "அட்டையில இருக்கதுதான் சரி அண்ணாச்சி" என்றேன்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி ஓடி வந்தார். "தண்ணியக் கண்டாலே நடுங்குதாரு தம்பி. அருவிச் சத்தம் கேட்டா அலறுதாரு."

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

மிச்சம் நான்கு ஊசியும் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அட்டையில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால், எப்போது வந்தீர் என்று யாராவது அவரைக் கேட்டிருப்பார்கள். நான் நிரப்பி வைத்த தேதி யாரையும் கேட்கவிடவில்லை. கேட்ட ஒரே மனிதரின் வாயையும் நானே அடைத்தேன்.